எட்டாம் வகுப்பில் ருவாண்டா

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். நாலு வரி படித்துவிட்டு "அருமை சார்" என்று கமெண்ட் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வீட்டுப்பாடத்திலும் நீங்கள் அப்படித்தான்.

பள்ளியில் நீங்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ஹிட்லர். சைக்கிள் ஸ்டாண்டு சுவரில் கரியால் எழுதியிருந்ததை நானே படித்திருக்கிறேன். அப்போது எனக்கு உள்ளூரப் பெருமைதான். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் தலைவன் பெயரை, வரலாறு நடத்துகிற ஒருவன் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறான்! அந்த லட்சணத்தில்தான் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் வரும். காரணங்களை எழுது, விளைவுகளை எழுது. யூதர்கள் கொல்லப்பட்டதை வேகமாக வாசித்துக் கடந்துவிடுவோம். பாடம் முடிந்த பிறகும் பையன்கள் "என்ன இருந்தாலும் ஹிட்லர் கெத்து சார்" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன்.

இப்போது எதற்கு இது என்றால், என் அக்கா மகள் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள். போன மாதம் ஒருநாள் ராத்திரி போன் செய்தாள். "மாமா, எட்டாவதுல பசங்க கையில கயிறு கட்டிக்கிட்டு வர்றாங்க. ஒவ்வொரு கலருக்கும் ஒரு கூட்டம். நேத்து கிரவுண்டுல அடிதடி. கழட்டச் சொன்னா கோயில் கயிறுங்கறாங்க. நீங்க வந்து ஒருநாள் பேசுங்களேன்" என்றாள்.

தெற்கே இருக்கிறவர்களுக்கு இந்தக் கயிறு விவகாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. நல்ல பரிந்துரைகள். ஆனால் கயிற்றை அறுப்பது கத்தரிக்கோல் வேலை. அதைக் கட்டிக்கொள்ளும் ஆசையை என்ன செய்வது என்பது ஆசிரியரின் வேலை.

சாதியைப் பற்றி நேராகப் பேசினால் அந்தப் பிள்ளைகள் அந்த நிமிடமே காதைப் பொத்திக்கொள்வார்கள். யார் பக்கம் பேச வந்திருக்கிறார் இந்தக் கிழவர் என்று முதலில் என் சாதியைக் கண்டுபிடிப்பார்கள். அதனால் அவர்கள் யார் பக்கமும் சேர முடியாத, கேள்விப்பட்டே இராத ஒரு தேசத்தின் கதையோடு போனேன். ருவாண்டா.

தலைமை ஆசிரியருக்குத் தயக்கம். "சார், பதிமூணு வயசுப் பிள்ளைங்க. இனப்படுகொலை எல்லாம் வேண்டாமே. பேரன்ட்ஸ் வந்து நிப்பாங்க" என்றார். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் அதே பிள்ளைகள் கையிலிருக்கும் செல்போனில், அரிவாளோடு சாதிப் பாட்டுக்கு வெட்டி ஒட்டிய வீடியோக்கள் தினமும் ஓடுகின்றன. ரத்தத்தைப் பார்க்க அவர்கள் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கவில்லை. கயிறு ஏழாவதிலேயே கையில் ஏறிவிடுகிறது. நாம் மட்டும் பத்தாவதில், அதுவும் மார்க்குக்காக, ஹிட்லரைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு வாக்குறுதி மட்டும் அவருக்குக் கொடுத்தேன். ஒரு பிணத்தின் படம்கூடக் காட்ட மாட்டேன் என்று. அது அவருக்காகக் கொடுத்த வாக்குறுதி மட்டுமல்ல. மண்டை ஓடுகளை அடுக்கிய படத்தைக் காட்டினால் சில பிள்ளைகள் அழும், சில சிரிக்கும் (பயத்தில் சிரிப்பது அந்த வயசு வழக்கம்), சில 'செமயா இருக்கு' என்னும். எப்படி ஆரம்பித்தது என்பதை மட்டும் யாரும் கேட்காது.

எண்ணிக்கை விஷயமும் அப்படித்தான். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் விட்வெல் என்று ஒரு சிற்றூர். அங்கே நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1998இல் யூதப் படுகொலையைப் பாடமாக எடுத்தார்கள். அறுபது லட்சம் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அதனால் ஆளுக்கு ஒன்றாக அத்தனை பேப்பர் கிளிப் சேர்க்கலாம் என்று இறங்கினார்கள். உலகமெங்கிலுமிருந்து தபாலில் கிளிப்புகள் வந்து, அறுபது லட்சத்தையும் தாண்டிக் குவிந்தன. ஜெர்மனியிலிருந்து பழைய ரயில் பெட்டி ஒன்றை வரவழைத்து அதையே நினைவிடமாக்கினார்கள். மனசைத் தொடும் வேலை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிளிப் குவியல் எத்தனை பேர் என்று காட்டும். பக்கத்து வீட்டுக்காரன் எப்படி இன்னொரு ஆளாக மாறினான் என்பதை அது காட்டாது. எனக்கு வேண்டியது இரண்டாவது.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

கரும்பலகையில் ஆப்பிரிக்கா வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். கேரளாவைவிடச் சின்ன நாடு. எங்கு பார்த்தாலும் மலை. அங்கே ஹூட்டு, டுட்சி என்று இரண்டு கூட்டம். இரண்டு பேருக்கும் ஒரே மொழி. பெரும்பாலானவர்கள் போவது ஒரே மாதாகோயிலுக்கு. ஒரே மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்து வீடு. கொண்டு கொடுத்து சம்பந்தம் செய்துகொண்டவர்களும் நிறைய. "அப்படீன்னா யாரு ஹூட்டு, யாரு டுட்சின்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பார்த்தா தெரியும் சார்."

"பேரைக் கேட்டா தெரிஞ்சிரும்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "எந்தத் தெருன்னு கேப்பாங்க சார்" என்றான். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அட்டையின் கதையைச் சொன்னேன். நாட்டை ஆண்ட பெல்ஜியக்காரர்கள் 1933 வாக்கில் கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் ஹூட்டுவா டுட்சியா என்று எழுதினார்கள். மூக்கை அளந்து பார்த்த கதையும் உண்டு. முன்பு டுட்சிகளில்தான் ராஜாவும் பிரபுக்களும். ஆனாலும் நிலைமை மாறினால் ஆளும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர முடிந்திருக்கிறது. அட்டை வந்த பிறகு அது முடிந்தது. அப்பா என்னவோ அதுவே பிள்ளை. பெல்ஜியக்காரர்கள் முதலில் டுட்சிகளைத் தூக்கி வைத்தார்கள், கடைசி நேரத்தில் ஹூட்டுகள் பக்கம் சாய்ந்தார்கள், 1962இல் நாட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அட்டை மட்டும் அங்கேயே இருந்தது. 1994இல் சாலைகளில் தடுப்பு போட்டு நின்றவர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான்.

இதற்கு நடுவே பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அது உங்களிடம் சொல்ல வேண்டியது. பின்னால் வருகிறேன்.

ரேடியோவைப் பற்றிச் சொன்னேன். 1993இல் ஒரு புதிய வானொலி வந்தது. நல்ல பாட்டு போடுவார்கள், ஜோக் அடிப்பார்கள். நடுநடுவே டுட்சிகளைக் 'கரப்பான்பூச்சி' என்பார்கள். பிள்ளைகளைக் கேட்டேன். "வீட்டுல கரப்பான்பூச்சியப் பார்த்தா என்ன செய்வீங்க?" "மிதிப்போம் சார்!" என்று மொத்த வகுப்பும் கத்திச் சிரித்தது. சிரித்து முடிக்கும்போதே முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி வாயை மூடிக்கொண்டாள். அவளிடமிருந்து அந்த அமைதி பின்னால் வரை போவதை நான் பார்த்தேன். 35 வருடம் பாடம் எடுத்ததில் இப்படி ஓர் அமைதியை நான் அதிகம் சம்பாதித்ததில்லை.

1994 ஏப்ரல் 7 தொடங்கி ஏறக்குறைய நூறு நாள். எட்டு லட்சம் பேர், அதற்கும் அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் டுட்சிகள். கொல்ல மறுத்த, எதிர்த்த ஹூட்டுகளையும் விடவில்லை. இதை மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொண்டேன். அந்த வானொலியை நிறுவியவர்களில் ஒருவரான ஃபெர்டினாண்ட் நஹிமானா பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். சர்வதேச நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. வரலாறு படித்தால் புத்தி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இவர்தான் ஞாபகம் வருகிறார். ருவாண்டாவில் அந்தப் படுகொலைக்குப் பிறகு, பள்ளிகளில் சொந்த நாட்டு வரலாற்றை நடத்துவதையே பல வருடங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். எதை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கே பயம்.

இரண்டாவது பீரியடில் நியாங்கே கதை. மேற்கு ருவாண்டாவில் ஓர் ஊர் அது. 1994இல் அந்த ஊர் மாதாகோயிலுக்குள் தஞ்சம் புகுந்த 1,500 பேருக்கு மேல் இருந்தபோதே புல்டோசர் வைத்துக் கட்டடத்தை இடித்தார்கள். பங்குச் சாமியாரே அதற்கு உடந்தை. மூன்று வருடம் கழித்து, 1997 மார்ச் 18 இரவு, அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் நுழைந்தார்கள். மேல் வகுப்பு மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஹூட்டு ஒரு பக்கம், டுட்சி ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்றார்கள். பிள்ளைகள் பிரியவில்லை. நாங்கள் எல்லோரும் ருவாண்டாக்காரர்கள் என்றார்கள். சுட்டார்கள், குண்டு வீசினார்கள். ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். பலருக்குக் காயம். அந்த மாணவர்களை இன்றைக்கு அந்த நாடு தேசிய வீரர்கள் வரிசையில் வைத்திருக்கிறது.

"நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்" என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். அந்தக் கேள்விக்குப் பதிமூன்று வயதில் எல்லோரும் வீரர்கள். நாடகம் போடச் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்து ஒரு நாள் ஒருவரை உயர்த்தி, மறுநாள் மற்றவரை உயர்த்திப் பாடம் நடத்தியது பிரபலம். நம் வகுப்பறையில் பிரிவினையை நடித்துக் காட்டத் தேவையில்லை. அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நடிப்பில் அடி வாங்கும் பிள்ளை, வெளியிலும் அடி வாங்கும் பிள்ளையாக இருந்துவிட்டால்?

பதிலாக, ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம். 'எந்தத் தெரு' என்று உங்களை யார் எப்போது கேட்டார்கள், எழுதுங்கள் என்றேன். நான் எதிர்பார்த்த மாதிரியே நிறைய வந்தது. எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. "நான் கேட்டிருக்கிறேன். எங்க அண்ணன் கேக்கச் சொன்னான். அவன் அழுதான்." இவ்வளவுதான் அதில் இருந்தது. மூன்று தடவை படித்தேன். நான் போனதே இந்தத் தாளுக்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவனைப் பார்த்துப் பரிதாபப்படுவதைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். கேட்டவன் நான்தான் என்று எழுதத்தான் ஒரு வெளியூர்க் கதை தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள். ஈழம் இருக்கும்போது ருவாண்டா எதற்கு சார்? நியாயமான கேள்வி. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அட்டையும் பட்டியலும் ஒன்றுதான் என்று அதை வைத்தும் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் கதையைக் கேட்கும் நம் பிள்ளை, முதல் வரியிலேயே அடிபட்டவர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவான். அது சரியான இடம்தான். ஆனால் நான் காட்ட நினைப்பது எதிர்ப்பக்கத்து நாற்காலியை. அதனால் அது இரண்டாவது பாடம். அந்தப் பாடம் எடுக்கும்போது, 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வாய் வராதவர்கள் அந்தப் பாடத்தை எடுக்காமல் இருப்பது மேல். இதற்காக என்னைத் திட்ட நினைக்கும் சித்தப்பா வகையறா போனில் திட்டுங்கள், இங்கே வேண்டாம்.

'சகிப்புத்தன்மை' என்ற வார்த்தையை இரண்டு பீரியடிலும் நான் சொல்லவில்லை. பல்வலியைச் சகித்துக்கொள்கிறோம். பக்கத்து பெஞ்சுக்காரனையுமா?

இப்போது பின்னால் சொல்கிறேன் என்று விட்டுவைத்த விஷயம்.

ருவாண்டாவில் உயிர் பிழைத்தவர்கள் பலர் ஒரே மாதிரியான ஒரு ஞாபகத்தைச் சொல்கிறார்கள். படுகொலைக்குப் பல வருடம் முன்பே, வகுப்பறையில் ஆசிரியர் சொல்வாராம். டுட்சி எல்லாம் எழுந்து நில்லுங்கள். எண்ணுவாராம். சில பிள்ளைகளுக்குத் தாங்கள் டுட்சி என்பதே அன்றைக்குத்தான் தெரியுமாம். ஓய்வுபெற்ற பிறகு இதைப் படித்தபோது, 'சே, ஒரு வாத்தியார் செய்யுற வேலையா இது' என்று புத்தகத்தை மூடி வைத்தேன். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

போன வருடம் நம் பழைய மாணவர்கள் சந்திப்பில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். "சார், ஜூன் மாசம் ஆனா நீங்க ஸ்காலர்ஷிப் ஃபாரத்தோட வந்து, எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்கன்னு சொல்வீங்க. அன்னிக்கு லீவு போட்டுரலாமான்னு இருக்கும். லீவு போட்டா ஸ்காலர்ஷிப் போயிரும்னு அம்மா திட்டும்." சொல்லிவிட்டு எனக்கு ரசம் ஊற்றச் சொன்னான். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான்.

ஆமாம், நான் சொல்லியிருக்கிறேன். 20 வருடத்துக்கு மேல், வருடா வருடம். கெட்ட எண்ணத்தில் இல்லை. படிவம் நிரப்ப வேண்டும், எண்ணிக்கை அலுவலகத்துக்குப் போக வேண்டும், அரை மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும். அந்தப் பட்டியல் உதவிக்கான பட்டியல், ருவாண்டாப் பட்டியல் போன்றது அல்ல. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். இதைச் சாக்காக வைத்துக்கொண்டு இட ஒதுக்கீடே வேண்டாம் என்று கமெண்ட் போட வருகிறவர்கள் தயவுசெய்து வேறு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உதவித்தொகையும் வேண்டும், கணக்கும் வேண்டும். ஆனால் அதை ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு ஆபீஸ் ரூமில் வைத்துக் கேட்டிருக்கலாம். கூடுதலாக ஒரு மதியம் ஆகியிருக்கும். மற்ற நாற்பது பிள்ளைகளின் கண் முன்னால், யார் யார் என்று அவர்களுக்கு நான்தான் அடையாளம் காட்டிக்கொடுத்தேன். கயிறு கட்டாத கயிறு அது.

இங்கே இருப்பவர்களில் அன்று எழுந்து நின்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன். பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆசிரியராக இருப்பவர்கள், இன்னும் அப்படித்தான் கேட்கிறீர்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளிடம் மறுநாள் விசாரித்தேன். "யாரும் கயிறைக் கழட்டல மாமா" என்றாள். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு ஒருவன் வந்தானாம், அவ்வளவுதான். கேட்டுச் சோர்ந்துதான் போனேன். ஆனால் பி செக்‌ஷன் பிள்ளைகள், எங்களுக்கும் அந்த மலைநாட்டுக் கதை வேண்டும் என்று கேட்கிறார்களாம். அடுத்த வியாழக்கிழமை போகிறேன். பள்ளியில் இருக்கும் ஆப்பிரிக்கா வரைபடம் மடிப்பில் கிழிந்து, சரியாக ருவாண்டா இருக்கும் இடம் ஓட்டையாக இருக்கிறது. யாரிடமாவது பெரிய சுவர் வரைபடம் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.